நோயாளியின் பக்கத்திலிருந்து: மருத்துவ மானிடவியல் கருத்தரங்கில் நாங்கள் கற்றவை

இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் விலங்கியல் மாணவி

நோயைப் பற்றி ஆராய்வது மருத்துவம். நோய் வந்த மனிதன் அதை என்னவென்று எண்ணுகிறான், யாரிடம் முதலில் சொல்கிறான், எங்கே போகிறான், போகாமலிருந்தால் ஏன் போகவில்லை என்பவற்றை ஆராய்வது மருத்துவ மானிடவியல். இந்த இயல் நம் கல்லூரியில் தனிப் பாடமாக இல்லை. ஒட்டுண்ணிகளைப் பற்றியும் நுண்ணுயிரிகளைப் பற்றியும் படிக்கும் விலங்கியல் மாணவர்கள், அவை குடியிருக்கும் மனிதனைப் பற்றியும் சிறிது படிக்க வேண்டும் என்று எங்கள் பேராசிரியர் கருதினார். அதன் விளைவாக இந்த ஆண்டு புதன்கிழமை பிற்பகல்களில் நான்கு வாரங்கள் ஒரு சிறு கருத்தரங்கு நடந்தது. வகுப்பு நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குழுவுக்கும் ஆங்கில நூலொன்றின் சில பக்கங்கள் படியெடுத்துத் தரப்பட்டன.

மூன்று விதிகள் இருந்தன. தாளைப் பார்த்துப் படிக்கக் கூடாது. முதல் பத்து நிமிடம் நூலாசிரியர் சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும். நம் கருத்து அதில் கலக்கக் கூடாது. இறுதியில் நூலாசிரியருக்கு ஒரு மறுப்பேனும் எழுப்ப வேண்டும். இவற்றுள் இரண்டாவது விதிதான் மிகக் கடினம் என்பதைப் பேசிப் பார்த்தவர்கள் அறிவார்கள். எங்களில் பெரும்பாலோர் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். ஒரு பக்கத்தைப் புரிந்துகொள்ள ஒரு மாலை ஆயிற்று. கைப்பேசியின் மொழிபெயர்ப்பை நம்பிய குழுக்கள் பட்ட பாட்டைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம்.

முதல் இரு குழுக்கள்

முதற்குழு பேசியது இவான்ஸ் பிரிட்சர்டு என்னும் ஆங்கிலேய மானிடவியலார் 1937இல் வெளியிட்ட நூலைப் பற்றி. அவர் 1920களின் பிற்பகுதியில் அன்றைய சூடானின் தென்பகுதியில் அசாண்டே மக்களிடையே தங்கி ஆராய்ந்தவர். அவர் கூறும் தானியக் குதிர் எடுத்துக்காட்டு புகழ்பெற்றது. கால்கள் நட்டு உயர்த்திக் கட்டிய குதிரின் நிழலில் உச்சி வெயிலுக்கு மக்கள் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். குதிர் சரிந்து விழுகிறது, சிலருக்குக் காயம். கால்களைக் கரையான் அரித்தது என்பது அசாண்டே மக்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால், சரியாக அந்த நேரத்தில், அந்த மனிதர்கள் அடியில் இருக்கும்போது ஏன் விழுந்தது என்று அவர்கள் கேட்கிறார்கள். அதற்கு அவர்கள் தரும் விடை சூனியம். ‘எப்படி’ என்பதற்குக் கரையான், ‘ஏன் எனக்கு’ என்பதற்குச் சூனியம். வகுப்பில் சிலர் சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை. “சென்ற மாதம் உங்கள் தெருவில் விபத்து நடந்த வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள்?” என்று மட்டும் கேட்டார். சிரிப்பு நின்றது.

இரண்டாம் குழுவின் பொருள் விலங்கியல் மாணவர்களுக்கு மிக நெருக்கமானது. பப்புவா நியூ கினியின் கிழக்கு மலைப்பகுதியில் வாழும் ஃபோரே மக்களிடையே ‘குரு’ என்னும் நோய் பரவியது. உடல் நடுங்கும், நடை தள்ளாடும், பின்னர் எழுந்திருக்க முடியாது. ஓராண்டு அளவில் மரணம். பெண்களும் குழந்தைகளுமே பெரும்பாலும் இறந்தனர். மக்கள் அதைச் சூனியம் என்றனர். 1957இல் கஜ்டுசெக், ஜிகாஸ் என்னும் மருத்துவர்கள் இதை உலகுக்கு அறிவித்தனர். குடும்பம் குடும்பமாக வந்ததால் பரம்பரை நோயாக இருக்கலாம் என அறிவியலார் ஐயுற்றனர். 1961 முதல் அங்கே தங்கிய ஷெர்லி லிண்டன்பாம், ராபர்ட் கிளாஸ் என்னும் மானிடவியலார் இருவரும் செய்த வேலை மிக எளியது. முதியவர்களிடம் உட்கார்ந்து, யார் யாருக்கு உறவு, யார் எப்போது இறந்தார், இந்நோயை முதலில் எப்போது கண்டீர்கள் என்று கேட்டார்கள். நோய் அவர்கள் நினைவுக்கு எட்டிய காலத்திலேயே வந்தது என்பது தெரிந்தது. பரம்பரை நோய் அவ்வாறு திடீரென்று வந்து பரவாது. இறந்த உறவினரின் உடலை அன்பின் அடையாளமாக உண்ணும் துக்கச் சடங்கு அங்கே பரவியதும் அதே காலத்தில். அதில் பெரும்பங்கு கொண்டவர்கள் பெண்களும் குழந்தைகளும். நோய் ஒட்டக்கூடியது என்பது 1966இல் சிம்பன்சிகளின் வழியே உறுதியாயிற்று. கஜ்டுசெக் 1976இல் நோபல் பரிசு பெற்றார். நாம் பாடத்தில் படிக்கும் ‘பிரியான்’ என்னும் சொல்லை 1982இல் புரூசினர் படைத்தார். அவருக்கு 1997இல் அதே பரிசு. கிழவிகளிடம் கதை கேட்டவர்களுக்குப் பரிசு இல்லை என்று அக்குழுவின் மாணவி ஒருத்தி சொன்னபோது கைதட்டல் எழுந்தது.

சிறுமி லியாவும் எட்டுக் கேள்விகளும்

மூன்றாம் குழு ஆன் ஃபேடிமன் 1997இல் எழுதிய நூலை எடுத்துக்கொண்டது. லாவோஸ் நாட்டுப் போரில் வீடிழந்து அமெரிக்காவுக்கு அகதிகளாகச் சென்ற ஹ்மாங் இனக் குடும்பம் ஒன்று கலிபோர்னியாவில் மெர்செட் என்னும் ஊரில் குடியேறியது. அங்கே 1982இல் பிறந்த குழந்தை லியா லீ. மூன்று மாதக் குழந்தையாக இருக்கையில் அவளுடைய அக்கா கதவைப் படீரென்று சாத்தினாள். குழந்தைக்கு வலிப்பு வந்தது. மருத்துவர்கள் அதைக் கால்கை வலிப்பு என்றார்கள். பெற்றோரோ அதிர்ச்சியில் குழந்தையின் உயிர் உடலை விட்டு ஓடிவிட்டது என்றார்கள். அவர்கள் மொழியில் அந்நோய்க்குப் பெயர், ஆவி பிடித்துக் கீழே விழுதல் என்பது. அது துன்பந்தான், அதேவேளை சிறிது பெருமையும் ஆகும், ஏனெனில் அந்நோய் உள்ளவர் பின்னாளில் ஆவியோடு பேசும் மருத்துவராகலாம். வலிப்பு வந்தவர் கையில் சாவிக் கொத்தைத் திணிக்கும் ஊரில் பிறந்த எனக்கு இது அவ்வளவு தொலைவில் இருப்பதாகத் தோன்றவில்லை.

மருத்துவர்கள் அக்கறை இல்லாதவர்கள் அல்லர் என்பதை நூல் தெளிவாகக் காட்டுகிறது. நான்கு ஆண்டுக்குள் மருந்துச் சீட்டை 23 முறை மாற்றினார்கள். பெற்றோருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. தம் மொழியையும் எழுதப் படிக்கத் தெரியாது. மருந்து கொடுத்ததும் குழந்தை சோர்ந்தாலோ முரண்டு பிடித்தாலோ அம்மருந்தைக் குறைத்தார்கள். மருந்து ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்று 1985இல் நீதிமன்ற ஆணை மூலம் குழந்தை பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு திருப்பித் தரப்பட்டாள். 1986 நவம்பரில் வந்த பெரும் வலிப்பும் இரத்தத்தில் பரவிய தொற்றும் மூளையை அழித்துவிட்டன. நினைவற்ற அந்த மகளைத் தாய் வீட்டிலேயே வைத்துக் குளிப்பாட்டி, ஊட்டி வளர்த்தாள். லியா 2012இல் தம் முப்பதாம் வயதில் இறந்தார்.

“பெற்றோர் படிக்காததால் வந்த வினை” என்று எங்களில் பலர் உடனே தீர்ப்பளித்தோம். அக்குழுவினர் நூலிலிருந்து இன்னொரு செய்தியை எடுத்துக்காட்டினார்கள். குழந்தைக்குக் கொடுத்த மருந்துகளில் ஒன்றே அவளது எதிர்ப்பாற்றலைக் குறைத்து, அக்கடைசித் தொற்றுக்கு இடங்கொடுத்திருக்கலாம் என்று அங்கிருந்த நரம்பியல் மருத்துவர் ஒருவரே ஐயுற்றாராம். அதாவது, அந்த ஆண்டில் பெற்றோர் மருந்தைச் சரியாகக் கொடுத்ததே கூடக் காரணமாக இருக்கலாம்.

ஆர்தர் கிளைன்மன் என்னும் அமெரிக்க மருத்துவர் மானிடவியலும் பயின்றவர். தைவானிலும் சீனத்திலும் ஆராய்ச்சி செய்தவர். நோயாளியிடம் கேட்க வேண்டியவை என்று அவர் 1978ஆம் ஆண்டு வாக்கில் எட்டுக் கேள்விகளை வகுத்தார். இந்த நோவை நீங்கள் என்னவென்று சொல்கிறீர்கள், எதனால் வந்ததென நினைக்கிறீர்கள், ஏன் அப்போது வந்தது, உங்களுக்கு மிகவும் அச்சம் தருவது எது என்ற போக்கில் அவை அமையும். லியாவின் பெற்றோரிடம் காலத்தில் யாரும் இவற்றைக் கேட்கவில்லை.

மருத்துவர் காணும் நோய் வேறு, நோயாளி அனுபவிக்கும் நோவு வேறு என்று கிளைன்மன் பிரிப்பார். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அரைமணி நேரம் வழக்காடினோம். பிணி, நோவு, வியாதி எல்லாம் எடுத்துப் பார்த்தோம். கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு நண்பர், “எங்கள் வீட்டில் ‘உடம்புக்கு முடியலை’ என்போம்” என்றார். அகராதியில் தேடிய எங்களுக்கு அது வெட்கமாக இருந்தது. மருத்துவர் எழுதுவது வியாதியின் பெயர். நோயாளி சொல்வதோ முடியவில்லை என்பது. என்ன முடியவில்லை என்று அடுத்துக் கேட்டால்தான் அவர் வாழ்க்கை வெளிவரும்: மூட்டை தூக்க முடியவில்லை, குழந்தையை இடுப்பில் வைக்க முடியவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை.

எங்கள் குழு

நான்காவது குழு நாங்கள். எங்களுக்கு வந்தவை பால் ஃபார்மரின் பக்கங்கள். இவர் மருத்துவர், மானிடவியலாரும் கூட; 1959இல் பிறந்து 2022இல் ருவாண்டாவில் மறைந்தவர். கரீபியன் கடலில் உள்ள ஹைட்டி நாட்டின் நடுமேட்டு நிலத்தில் காஞ்ச் என்னும் சிற்றூரில் மருத்துவமனை நடத்தினார். 1950களில் கட்டப்பட்ட பெலிகிரே அணையின் நீரில் வயல்களை இழந்து மேட்டுக்கு ஏறிய உழவர்களே அப்பகுதி மக்கள். அங்கே காசநோய் மிகுதி. இலவசமாக மருந்து கொடுத்தும் பலர் இடையில் நிறுத்தினர், இறந்தனர். சூனியத்தால் வந்த நோய்க்கு மாத்திரை எதற்கு என்று அவர்கள் நினைப்பதே காரணம் என்று ஊழியர்கள் சிலர் கூறினர். வறுமையே காரணம் என்றனர் வேறு சிலர்.

ஃபார்மர் குழுவினர் 1989இல் இதைச் சோதித்தார்கள். நோயாளிகளை வாழும் பகுதியைக் கொண்டு இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு இலவச மருந்து மட்டும். மற்றப் பிரிவினருக்கு அதனுடன் வீடு தேடிவரும் ஊர் நல ஊழியர், உணவு, போக்குவரத்துக்கும் பிள்ளைகளைப் பார்ப்பவருக்கும் ஆகும் செலவுக்காக மாதந்தோறும் சிறு தொகை. அத்துடன் இரு பிரிவினரிடமும் நோய் எதனால் வந்ததென நினைக்கிறீர்கள் என்றும் கேட்டார்கள். உதவி பெற்ற பிரிவில் அனைவரும் குணமடைந்தனர். மருந்து மட்டும் பெற்ற பிரிவில் குணமானவர்கள் ஏறத்தாழப் பாதிப்பேர். சூனியத்தை நம்பியோரும் நம்பாதோரும் இரு பிரிவிலும் இருந்தார்கள். நம்பிக்கைக்கும் குணமடைதலுக்கும் எந்தத் தொடர்பும் காணப்படவில்லை. ஏழ்மை செய்த வேலையைப் பண்பாட்டின் தலையில் போடுகிறோம் என்பது மானிடவியலார் மீதே ஃபார்மர் வைக்கும் குற்றச்சாட்டு.

‘கம்ப்ளையன்ஸ்’ என்ற சொல் இப்பக்கங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. கைப்பேசி அதற்கு ‘இணக்கம்’ என்று பொருள் காட்டியது. மருத்துவர் சொன்னபடி நோயாளி நடப்பதை மட்டும் குறிக்கும் சொல் அது. தமிழில் இணக்கம் என்றால் இருவர் வேண்டும். ஒருவர் மட்டும் இணங்க முடியாது. பிழையான மொழிபெயர்ப்பு சில நேரம் மூலத்தை விட நல்ல செய்தி சொல்லும் போலும்.

பேச வேண்டிய பகுதிகளைப் பிரித்துக்கொண்டபோது, மறுப்புரையை நான் ஏற்றேன். இங்கேதான் என் தவறு நிகழ்ந்தது. ஹைட்டியில் அப்படி இருக்கலாம், ஆனால் நம் ஊரில் மூடநம்பிக்கையால் மருந்தை விடுவோர் உண்டு என்று காட்ட விரும்பினேன். சான்று என் வீட்டிலேயே இருந்தது. என் அப்பாவுக்கு 2014ஆம் ஆண்டு இறுதியில் காசநோய் வந்தது. ஆயா ஐயனார் கோயில் பூசாரியிடம் மந்திரித்த தாயத்தை வாங்கி அவர் கையில் கட்டினார். இரண்டு மாதம் மாத்திரை உண்ட அப்பா, பொங்கலுக்குப் பின் நிறுத்திவிட்டார். ஆறு மாதத்தில் நோய் மீண்டும் முற்றி, இரண்டு மாதம் ஊசியும் மொத்தம் எட்டு மாதம் மாத்திரையுமாகப் பெரும் பாடுபட்டுக் குணமானார். அவருடைய சிகிச்சை அட்டையில் இடையில் விட்டவர் என்று எழுதியிருந்தது. “படிக்காத ஜனங்க, சொன்னா எங்க கேக்குறாங்க” என்று அங்கிருந்தவர் சொன்னது பத்து வயதில் என் காதில் விழுந்தது. அன்று முதல் நானும் அப்படியே நம்பினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த வாசலில் நின்றுகொண்டு, தாயத்தை நம்பி மாத்திரையை விட்ட ஒருவரின் கதையாக என் அப்பாவை எடுத்துரைத்தேன். ‘எனக்குத் தெரிந்த ஒருவர்’ என்றுதான் சொன்னேன். அப்பா என்று சொல்ல நா எழவில்லை.

மூன்றாம் குழு மாணவி ஒருத்தி எழுந்தாள். “இரண்டாம் முறை அவர் குணமானாரே, அப்போது தாயத்தைக் கழற்றிவிட்டாரா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். அந்தத் தாயத்து இன்றும் அவர் கையில் இருக்கிறது, நாள்தோறும் பார்க்கிறேன். “அப்படியானால் முதல் முறை ஏன் விட்டார்?” என்றாள். எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வீட்டில் கேட்டது

அந்த வாரம் வெள்ளி இரவு அப்பா சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே தருகிறேன்.

“தாயத்துக்கும் அதுக்கும் என்னா பாப்பா சம்பந்தம்? உங்க அக்கா கல்யாணத்துக்கு மேஸ்திரிகிட்ட முன்பணம் வாங்கியாச்சு. பொங்கல் முடிஞ்சதும் சூளைக்கு வண்டி வந்து நிக்குது. ஏறலன்னா பணத்தத் திருப்பிக் குடுக்கணும். எங்க போறது? வாராவாரம் வந்து வாங்கிக்கணும்னாங்க. ஆறு மாசத்துக்கும் சேத்துக் குடுங்க, எடுத்துட்டுப் போறேன்னேன். அது மொறை இல்லன்னுட்டாங்க. சூளை இருக்குற ஊருக்கு மாத்தி எழுதித் தருவாங்கன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. அன்னிக்கு யாரும் சொல்லல. இருமலும் நின்னு போச்சு. கல்லு அறுத்தாதான் கடன் தீரும்.”

“இத ஏன்பா அப்பவே சொல்லல?” என்றேன்.

“யாரு கேட்டாங்க?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பீடித் துண்டைத் தேடுவது போலத் திண்ணையைத் தடவினார். நோய்க்குப் பின் பீடியை விட்டுப் பத்தாண்டு ஆகிறது, கைப்பழக்கம் மட்டும் போகவில்லை.

பத்தாண்டு ஒரே வீட்டில் இருந்தும் நானும் கேட்கவில்லை. கிளைன்மனின் எட்டுக் கேள்விகளை மனப்பாடமாக ஒப்பிக்கத் தெரிந்தவள் நான்.

திருத்தமும் விவாதமும்

அடுத்த புதன்கிழமை பேராசிரியரிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி, நான் சொன்னது தவறு என்றும், அவர் என் தந்தை என்றும் வகுப்பில் சொன்னேன். அன்று எழுந்த விவாதமே நான்கு வாரங்களில் மிகச் சிறந்தது எனலாம்.

முதல் மறுப்பு என் குழுவிலிருந்தே வந்தது. நம்பிக்கை ஒன்றுமில்லை, பணமே எல்லாம் என்றால் லியாவின் கதையை ஏன் படித்தோம் என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. லியாவின் வீட்டுக்கு மருந்துச் செலவு தடையாக இருக்கவில்லை; ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காததே தடை. என் அப்பாவுக்கு மொழி தடையில்லை. மேஸ்திரியின் முன்பணம் தடை. எந்த வீட்டில் எது தடை என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல இயலாது என்பதே என் விடை. நண்பருக்கு அது நிறைவளித்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது மறுப்பை எழுப்பியவர் துறையின் மூத்த பேராசிரியர். உணவும் பணமும் கொடுத்தால்தான் காசநோய் குணமாகும் என்பதை நம் சென்னையே பொய்யாக்கியிருக்கிறதே என்றார். அந்த வரலாறு எங்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்தியல் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் காசநோயாளியை நல்ல காற்றும் ஓய்வும் சத்துணவும் தரும் சானடோரியத்தில் சேர்ப்பதே முறை. இந்நாட்டு நோயாளிகள் அனைவருக்கும் கட்டில் போட எந்த அரசாலும் இயலாது. ஆகவே சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுப்போடுவது போல இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை ஓராண்டு சானடோரியத்திலும் மறு பிரிவை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டிலிருந்தோர் உண்டது குறைந்த உணவு, நெரிசலான குடியிருப்பு, வேலைக்கும் போனார்கள். 1959இல் வெளியான முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவுமில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட வழி செய்தது இந்தச் சென்னை ஆய்வு. அந்த மையமே இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அப்படியானால் ஹைட்டி பொய்யா? நாங்கள் ஒரு வாரம் இதைப் பற்றியே பேசினோம். எனக்குத் தோன்றியது இது. சென்னையில் வீட்டிலிருந்தோர் தனியே விடப்படவில்லை. நலப் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்கு வந்து மாத்திரையை எண்ணினார்கள். மருந்து உட்கொண்டாரா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். மையமும் அதே நகரத்தில் இருந்தது. மருந்து தவறாமல் உள்ளே போனால் மெலிந்த உடலும் பிழைக்கும் என்பதைச் சென்னை காட்டியது. மருந்து தவறாமல் உள்ளே போக என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை ஹைட்டி காட்டியது. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடைகள். மூத்த பேராசிரியர் இதை முழுவதும் ஏற்கவில்லை. உணவின் பங்கை நான் குறைத்து மதிப்பிடுவதாகப் பின்னர் அவரே மறுபக்கம் வாதிட்டார்! அதற்கு அவர் காட்டிய சான்று 2023இல் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வு. அங்கே காசநோயாளியின் வீட்டாருக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்தபோது, கொடுக்காத வீடுகளை விட, அவ்வீட்டாருக்குக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. நோயாளி குணமாவதற்கு மருந்து. அவர் பிள்ளைக்கு வராமலிருக்கச் சோறு என்று எங்கள் குழு நண்பர் சுருக்கிச் சொன்னார்.

அன்று பார்வையாளராக வந்திருந்த தமிழ்த்துறை ஆசிரியர், வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்காக வகுத்ததை நினைவூட்டினார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிலிருந்து மருந்தைக் கொடுப்பவர் என்பவரே அந்நால்வகை. ஃபார்மரின் மருத்துவமனை வீடுதோறும் அனுப்பிய ஊர் ஊழியருக்கு அங்கே வழங்கிய பெயருக்கு ‘உடன் வருபவர்’ என்பது பொருள். அந்த நான்காமவரை நம் திட்டங்கள் பெரும்பாலும் சம்பளப் பட்டியலின் கடைசி வரியில் வைக்கின்றன என்று அவர் சொன்னது பலருக்கும் பிடித்தது. பார்வையாளர் வரிசையிலிருந்த எங்கள் ஊர்ப்பக்கத்து நல ஊழியருக்கு மிகவும் பிடித்தது.

நிலைமை அன்று போல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். காசநோயாளிக்கு மாதம் 500 ரூபாய் உணவுக்காக வங்கிக் கணக்கில் செலுத்தும் நடுவணரசுத் திட்டம் 2018இல் வந்தது. 2024 நவம்பரில் தொகை 1000 ஆக உயர்ந்தது. மிகவும் மெலிந்து நலிந்த நோயாளிகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து மருத்துவமனையில் சேர்க்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தமிழ்நாடு 2022இல் தொடங்கியது. அப்பாவின் காலத்தில் இவை இல்லை. இருந்திருந்தாலும் சூளைக்கு வரும் வண்டியை 1000 ரூபாய் நிறுத்தியிருக்குமா என்பது வேறு கணக்கு. அதை அப்பாவிடம் கேட்டேன், சிரித்தார்.

கேள்வித்தாள்

கருத்தரங்கின் கடைசி நாளில் கிளைன்மனின் எட்டுக் கேள்விகளையும் எங்கள் பேச்சுத் தமிழில் எழுத முயன்றோம். ‘இந்த நோவை என்னவென்று அழைக்கிறீர்கள்’ என்பதை எந்த நோயாளியிடமும் அப்படியே கேட்க முடியாது. ‘உங்க வீட்ல இத என்னான்னு சொல்றாங்க?’ என்று மாற்றினோம். ‘எது மிகவும் அச்சம் தருகிறது’ என்பது ‘ராத்திரி தூக்கம் வராதப்ப எத நெனச்சுக்குவீங்க?’ என்றாயிற்று. பின்னர் ஒன்பதாவதாக ஒரு கேள்வியை நாங்களே சேர்த்தோம்: ‘இங்க வந்துட்டுப் போனா அன்னிக்குக் கூலி எவ்ளோ போவும்? அடுத்த மாசம் எந்த ஊர்ல இருப்பீங்க?’ இது இரண்டு கேள்வி என்று பேராசிரியர் திருத்தினார். சேர்ந்தே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

தாளின் படி விலங்கியல் துறை நூலகத்தில், ஒட்டுண்ணியியல் நூல்கள் இருக்கும் அலமாரியின் மேல்தட்டில் வைக்கப்பட்டுள்ளது. தெற்கு மாவட்டத்துப் பேச்சில் இக்கேள்விகள் எப்படி அமையும் என்று அறிந்த நண்பர்கள் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைக்க வேண்டுகிறோம். வரும் ஆண்டில் எங்களுக்குப் பின் வருவோர் அதைக் கொண்டு தொடங்குவர்.